பாவம் பார்த்தது போதும்

மலேசியாவின் போர்ட் கிள்ளான் படகுத்துறையில் கெத்தாம் தீவுக்குப் படகேறினால் வழியெல்லாம் அலையாத்திக் காடு மண்டிய தீவுகள்தான். சிலவற்றில் ஆளும் இல்லை, வீடும் இல்லை. 2009-ஆம் ஆண்டில் கெத்தாம் தீவுக்காரர்கள் ஊருக்குள் திரிந்த தெருநாய்களைப் பிடித்துப் படகில் ஏற்றி, அப்படிப்பட்ட இரண்டு தீவுகளில் இறக்கிவிட்டு வந்தார்கள். முந்நூறு நாய்களுக்குக் குறையாது என்று செய்திகள் கூறின. பிள்ளைகளைக் கடிக்கின்றன, ஊரை அசிங்கம் செய்கின்றன என்பது புகார். கடல்மேல் கால் நட்டு நிற்கும் ஊர் அது. குறுகலான பாதை, மிதிவண்டிப் போக்குவரத்து. நாய் துரத்தினால் ஒதுங்கக்கூட இடம் இருக்காது. ஆகவே புகாரைக் குறை சொல்ல முடியாது. சில வாரங்களில் அந்தத் தீவுகளின் கதை வெளியே வந்தது. தின்ன எதுவும் இல்லாமல், செத்த நாயை உயிரோடிருந்த நாய் தின்றது. மீட்கப் போன தொண்டர்கள் மிரண்டு காட்டுக்குள் ஓடியவற்றைச் சேற்றில் இறங்கித் துரத்த வேண்டியிருந்தது.

யாரும் தடி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. படகு திரும்பி வந்தபோது எல்லார் கையும் சுத்தமாக இருந்தது. நாய்களைக் கொன்றது யார் என்று கேட்டால் பசி என்று சொல்லலாம். பசி இருக்கும் இடத்துக்கு அவற்றைக் கொண்டுபோனது யார் என்ற அடுத்த கேள்வியை மட்டும் யாரும் கேட்கக்கூடாது. செய்தவர்களைக் கொடியவர்கள் என்று திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அவர்கள் உங்களையும் என்னையும் போன்ற சாதாரண மனிதர்கள் என்பதுதான் தொல்லை. உயிரை எடுக்கக் கூசினார்கள், அந்த உயிருக்கான பொறுப்பை ஏற்கவும் கூசினார்கள். இந்த இரண்டு கூச்சத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்துக்குத்தான் நாம் வழக்கமாகக் கருணை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இது அந்தத் தீவுக்காரர்களின் புத்தி மட்டும் அன்று. 1910-இல் இஸ்தான்புல் நகரத்து அதிகாரிகள் பல்லாயிரக்கணக்கான தெருநாய்களைப் பிடித்து மர்மாராக் கடலில் சிவ்ரியாதா என்ற பாறைத் தீவில் விட்டார்கள். தண்ணீரும் நிழலும் இல்லாத பாறையில் அவை பசியாலும் தாகத்தாலும் செத்தன. பின்னால் நிலநடுக்கம் வந்தபோது, நாய்களுக்குச் செய்த பாவத்தின் பலன் என்று மக்கள் பேசிக்கொண்டார்களாம். நிலத்தட்டு நகர்வதற்கு நாயின் சாபம் தேவையில்லை. ஆனால் பூமி ஆடினால்தான் தவறு என்று உணர்வோம் என்ற மனநிலை இருக்கிறதே, அதுதான் ஆபத்து. பூமி ஆடாத நாளில் செய்ததெல்லாம் அப்போது சரியாகிவிடுகிறது.

நமக்குத் தீவும் வேண்டியதில்லை, படகும் வேண்டியதில்லை. காலைச் சந்தை இருக்கிறது, மாமாக் கடையின் பின்பக்கம் இருக்கிறது, செம்பனைத் தோட்டத்து மண்சாலை இருக்கிறது. எங்கே சோறு கிடைக்குமோ அங்கேதானே விட்டோம் என்று சொல்லிக்கொள்ள வசதியான இடங்கள். இந்தப் பேச்சு வந்தவுடன் நம் ஆட்கள் சிலர் குரலைத் தாழ்த்தி, இந்த நாட்டில் மலாய்க்காரர்களுக்கு நாய் ஆகாது, அதனால்தான் இப்படி என்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலேசியாவில் வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சீனர்கள், அடுத்து நாம். கழுத்தில் பட்டை போட்ட தடத்தோடு கிள்ளான் பக்கம் பண்டமாரானிலோ காப்பாரிலோ ஒரு நாய் தெருவில் நின்றால், அது எந்த வீட்டுக் கதவிலிருந்து வெளியே வந்திருக்கும்? நாயை வளர்க்காதவன் எப்படி நாயைக் கைவிட முடியும்?

சமயம் நம்மைக் காப்பாற்றுமா என்றால் அதுவும் இல்லை. நாய் பைரவரின் வாகனம் என்று தெரியாத தமிழர் உண்டா? சனிக்கிழமை கறுப்பு நாய்க்குச் சோறு வைத்தால் சனி தோஷம் விலகும் என்று சோதிடர் சொன்னால், கறுப்பு நாயைத் தேடிக்கொண்டு காரில் சுற்றுகிறோம். வெள்ளை நாய் பசியோடு நின்றால் அதற்குக் கிரக பலன் இல்லை. கறுப்பு நாய்க்கே சொறி பிடித்திருந்தால் சோற்றைத் தூரத்திலிருந்து வீசுகிறோம். அந்தச் சோறு யாருக்குப் போடப்பட்டது என்பதில் சந்தேகம் உண்டா?

தருமரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்று நின்றார். மகத்தான நிலைப்பாடு. அதுவரை கதை அருமை. அப்புறம் அந்த நாய் தருமதேவதையாக மாறிவிடுகிறது, அங்கேதான் கதைக்காரர் நம்மைக் கெடுத்துவிட்டார். நாய் கடைசிவரை நாயாகவே இருந்து, தருமருக்குச் சொர்க்கமும் கிடைக்காமல் போயிருந்தால் அப்போதும் அவர் செய்தது சரிதானா? சரிதான் என்று யோசிக்காமல் சொல்ல முடிந்தவர்தான் நாயைத் தத்தெடுக்கக் காப்பகத்து வாசலில் கால் வைக்க வேண்டும். ஏனென்றால் அங்கே உள்ள நாய் எதுவாகவும் மாறப்போவதில்லை.

காப்பகங்களில் குட்டிகள் முதலில் போகும். பிறகு சாதி நாய்கள் போகும். ஆம், நாயிலும் சாதி பார்க்கிறோம், விட்டுவிடுவோமா? கடைசியில் மிஞ்சுவது வயதானவை, மூன்று கால் உள்ளவை, தினமும் மருந்து வேண்டியவை. இதயப்புழு வந்து தேறி, இதயம் பலவீனமாகவே இருப்பது ஒன்று. தைராய்டு சுரக்காதது ஒன்று. வலிப்பு உள்ளது ஒன்று. வலிப்பையே எடுத்துக்கொள்வோம், அதில்தான் நம் கருணையின் நிறம் நன்றாகத் தெரியும்.

வலிப்பு வரும்போது நாய் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். நான்கு கால்களும் தண்ணீரில் நீந்துவதுபோல அடித்துக்கொள்ளும். தாடை கடகடக்கும், நுரை தள்ளும், இருந்த இடத்திலேயே சிறுநீர் போகும். கண் திறந்திருந்தாலும் அது உங்களைப் பார்க்காது. அப்போது வாய்க்குள் கைவிடக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. இடிபடாமல் நாற்காலியை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே கிளினிக்குக்கு ஓட வேண்டும். அடங்கி எழுந்தபின் கொஞ்ச நேரம் கண் தெரியாததுபோலச் சுவரில் முட்டிக்கொண்டு நடக்கும். இதைத் தெருவில் பார்க்கிறவர் வெறிநாய் என்று கல்லெடுப்பார். மனிதருக்கு வலிப்பு வந்தாலே கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற கூட்டம் நாம், நாயை விடுவோமா? வலிப்பு தெய்வக் குற்றமும் பேய்ச் சேட்டையும் இல்லை, மற்ற நோய்களைப் போல அதுவும் ஒரு நோய் என்று கிரேக்கத்தில் ஹிப்போக்ரட்டீஸின் பெயரில் உள்ள நூலொன்று சொல்லி ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் ஆகின்றன. சாவிக்கொத்து இன்னும் நம் கையை விட்டு இறங்கவில்லை.

இந்த நோய்க்கு நாய்களுக்கு மிகுதியாகக் கொடுக்கப்படும் மருந்து பினோபார்பிட்டோன். 1912-இல் மனிதர்களுக்காகச் சந்தைக்கு வந்த பழைய மாத்திரை. விலை பெரிதில்லை. மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் கிடைக்காது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. முதல் சில வாரங்கள் நாய் தள்ளாடும், சோறு சோறு என்று அலையும், நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போகும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் இதை முதலிலேயே எண்ணிப்பார்க்க வேண்டும். கல்லீரல் எப்படி இருக்கிறது, மருந்தின் அளவு சரியா என்று அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். செலவு அங்கேதான்.

மாத்திரை கொடுப்பது பெரிய வித்தையும் இல்லை. வேகவைத்த கோழி ஈரலை விரலளவு கிள்ளி, நடுவில் மாத்திரையைப் பொதித்து நீட்டினால் பல நாய்கள் விழுங்கிவிடும். சில நாய்கள் ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துப்பிவைக்கும். அப்போது மேல்தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, நாக்கின் பின்பகுதியில் மாத்திரையை வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவிவிட வேண்டும். மூக்கை நக்கினால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். முழுக்க ஒரு நிமிட வேலை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தீபாவளியன்றும் உண்டு, தைப்பூசத்தன்றும் உண்டு, உங்களுக்கே காய்ச்சல் என்றாலும் உண்டு.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்? மருந்தே தொடங்காதிருந்ததைவிட மோசமாக ஆகலாம். வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக, இடைவிடாமல் வந்து உயிரையே எடுத்துவிடலாம். அதாவது, 'ஐயோ பாவம்' என்று உருகி நாயைத் தூக்கிக்கொண்டு போய், மூன்றாவது வாரம் சலித்துப்போய் மாத்திரையை விட்டுவிடுகிறவர், முதல் நாளே 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னவரைவிட அந்த நாய்க்குப் பெரிய எதிரி. முதலாமவருக்குப் பாராட்டு கிடைத்திருக்கும், புகைப்படத்துக்கு இதயக்குறிகள் குவிந்திருக்கும். இரண்டாமவரைக் கல்நெஞ்சக்காரர் என்றிருப்போம். நாயின் பக்கத்திலிருந்து கணக்குப் பார்த்தால் தீர்ப்பு தலைகீழாகிவிடுகிறது. அறத்தைச் செய்பவரின் நெஞ்சில் அளப்பதா, அனுபவிப்பவரின் உடம்பில் அளப்பதா? உடம்பில்தான் என்பது என் வாதம். கெத்தாம் படகுக்கும் பாதியில் விட்ட மாத்திரை அட்டைக்கும் அந்த அளவுகோலில் வேறுபாடு இல்லை.

நாள்தோறும் தவறாமல் ஒரு மாத்திரை என்பதன் அருமை போர்ட் கிள்ளானுக்குத் தெரியாததில்லை. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் இந்தத் துறைமுகம் திறந்தவுடனேயே மலேரியா தாக்கியது. ஆட்கள் விழுந்துகொண்டே இருந்ததால் துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுவரை போனது. கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் காட்டை வெட்டி, சதுப்பை வடித்து, கொசு முட்டையிடும் தண்ணீரை ஒழிக்க வைத்தார். பக்கத்துத் தோட்டங்களில் கொயினா கொடுக்கப்பட்டது. யாரும் கண்ணீர் விட்டு இந்த ஊர் பிழைக்கவில்லை. வடிகாலும் வேளை தவறாத மருந்தும், கொடுத்ததைக் குறித்துவைத்த நோட்டும் பிழைக்கவைத்தன.

அதே தோட்டத்துக் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. கொயினா கொடுத்த துரைக்கு நம் பாட்டன்மேல் அன்பு இல்லை, பால் மரம் சீவ ஆள் வேண்டும், அவ்வளவுதான். 1930-களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது வேலையற்றுப்போன தமிழ்த் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். உதவும்வரை மருந்து, உதவாதபோது கப்பல். மனிதரை நாயோடு நிறுத்துகிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம், நான் நிறுத்துவது கணக்குப் போட்டவனின் மூளையை. 'காவலுக்கு உதவாத நாய்க்கு எதற்குச் சோறு?' என்று நம் வீட்டில் யாராவது கேட்கும்போது பேசுவது அந்தத் துரையின் மூளைதான். அதனால் அடிபட்ட சமூகம் அதையே கையில் எடுப்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடாவது செய்யலாம்.

இனி எதிர்வாதங்கள். 'எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் இருக்க, நாய்க்கு இவ்வளவு செலவா?' நியாயமான கேள்வி. அந்தப் பணத்தை மாதாமாதம் ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கோ ஒரு சிறுநீரக நோயாளிக்கோ உண்மையில் கொடுத்துவருபவர் கேட்டால் நான் தலைவணங்கிக் கேட்டுக்கொள்வேன். ஆனால் இந்தக் கேள்வி பெரும்பாலும் நாய்க்கும் கொடுக்காமல் பிள்ளைக்கும் கொடுக்காமல் இருப்பவரின் வாயிலிருந்தே வருகிறது. காருக்குப் புது ரிம் மாட்டும்போது ஏழைப் பிள்ளை ஏன் நினைவுக்கு வரவில்லை?

'ஒரு நோயாளி நாய்க்குச் செய்வதை ஐந்து ஆரோக்கியமான நாய்க்குச் செய்யலாமே' என்பது இன்னும் கூர்மையான வாதம். காப்பகம் நடத்துபவர் அப்படித்தான் யோசிக்க வேண்டும், யோசிக்கட்டும். ஆனால் ஒரு சாதாரண வீட்டுக்கு வருவது ஒரே ஒரு நாய். எந்த நாய் என்பதுதான் கேள்வி. வலிப்பு நாய்க்குப் பற்றாக்குறையாக இருப்பது மாத்திரையைவிட, கடிகாரப்படி நடக்கிற வீடு. அப்படிப்பட்ட வீடுகளோ நம்மிடம் ஏராளமாக இருக்கின்றன. மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு சொல்கிறது. பணி ஓய்வு பெற்று, காலையும் இரவும் தம் மாத்திரை டப்பாவைத் திறக்கிற ஒரு தாத்தாவோ பாட்டியோ பக்கத்தில் இன்னொரு மாத்திரையை எடுப்பது எவ்வளவு கூடுதல் வேலை? நோயாளி நாய்க்கு இளமையும் தோட்டமும் உள்ள வீடுதான் ஏற்றது என்பது பொய். வேளை தவறாத ஒரு மனிதர் போதும்.

'அது அதன் வினைப்பயன்' என்பார் மூன்றாமவர். அப்படியானால் உங்கள் சர்க்கரைக்கு ஏன் மாத்திரை? வினையை அனுபவித்துத் தீர்க்க வேண்டியதுதானே? தன் நோய்க்கு மருத்துவமும் பிறர் நோய்க்குத் தத்துவமும் சொல்கிறவரோடு வாதிட வேண்டியதில்லை.

நான்காவது கேள்வி யாரும் வெளியே கேட்காதது. மருந்தும் கேட்காமல், வலிப்பும் அடங்காமல், நாய் துடித்துக்கொண்டே இருந்தால்? மருத்துவர் முயன்று பார்த்துவிட்டு இனி வேதனைதான் மிச்சம் என்று சொன்னால், வலியில்லாத ஊசி போடச் சொல்வதே அறம். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று தலையைப் பிடித்துக்கொள்வதும் நம் வேலை. கொல்வது பாவம் என்று கைகழுவி நாயைத் துடிக்கவிடுவது, படகில் ஏற்றித் தீவில் விடுவதன் இன்னொரு வடிவம். இந்த ஊசியையும் கூட்டம் கூட்டமாகக் கொல்வதையும் போட்டுக் குழப்ப வேண்டாம். சென்னை மாநகராட்சி ஒரு நூற்றாண்டுக்கு மேல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தது. தெருநாய்த் தொகை குறையவில்லை. குப்பையும் சோறும் இருக்கும் தெருவில் காலியான இடத்துக்கு வேறு நாய் வந்துவிடும். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விடுவதே வழி என்று புளூ கிராஸ் அமைப்பு 1960-களிலேயே சொன்னது. நகரம் அதை ஏற்க 1996 ஆனது. கோபத்தாலும் பரிதாபத்தாலும் தீராதது, எண்ணிப்பார்த்ததால் கொஞ்சமாவது நகர்ந்தது.

மலேசியச் சட்டமும் நகர்ந்திருக்கிறது. கெத்தாம் நாய்கள் செத்த 2009-இல் நடப்பிலிருந்த 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி விலங்குக் கொடுமைக்கு அதிகபட்ச அபராதம் 200 வெள்ளி. 2015-இல் வந்த விலங்குநலச் சட்டத்தில் அபராதம் 20,000 வெள்ளியில் தொடங்கி 100,000 வெள்ளிவரை போகிறது, மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வளர்ப்பு விலங்கை நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்றும் அது சொல்கிறது. ஆனால் இரவு எட்டு மணி மாத்திரை போனதா என்று பார்க்க எந்த அதிகாரியும் உங்கள் கதவைத் தட்டப்போவதில்லை. கடவுளும் பார்க்கப்போவதில்லை. யாரும் பார்க்காத அந்த எட்டு மணியில் நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதுதான் உங்கள் ஒழுக்கம். சாமிக்குப் பயந்து நல்லவராக இருப்பவரைவிட, சாமி இல்லை என்று சொல்லும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

ஆகவே காப்பகத்தில் கையெழுத்துப் போடுவதற்குமுன் நெஞ்சைத் தொட்டுப் பார்க்காதீர்கள், நாட்காட்டியைப் பாருங்கள். காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் வீட்டில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போகும் இரண்டு வாரம் மாத்திரை யார் கொடுப்பார்கள், அவருக்கு வாயைத் திறக்கத் தெரியுமா? இரத்தப் பரிசோதனைக்கு மாதாமாதம் எவ்வளவு எடுத்துவைக்க முடியும்? நள்ளிரவில் திறந்திருக்கும் கிளினிக் எது? உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாய் யாரிடம் போகும்? ஐந்துக்கும் பதில் இருந்தால் அந்த நாயைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் தியாகி ஒன்றும் இல்லை, ஒழுங்கானவர். பதில் இல்லையென்றால் 'என்னால் முடியாது' என்று நேராகச் சொல்லுங்கள். அதில் வெட்கமில்லை. அந்த நாயின் மாத்திரைச் செலவை மாதந்தோறும் காப்பகத்துக்குக் கட்டுங்கள், அது போதும். இரண்டும் முடியாதவர்கள் பரிதாபப்படுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம். அதனால் எந்த நாய்க்கும் நட்டமில்லை.